வடவளாகத்தில் நாற்பது பேர்

நாற்பதாம் எண் தட்டு ஈரமாக இருந்தது.

மற்ற முப்பத்தொன்பது தட்டுகளும் ஈரமாகத்தான் இருந்தன. ராத்திரி சாப்பிட்டு விடியற்காலை கழுவிக் கவிழ்த்த தட்டுகள் வேறு எப்படி இருக்கும். ஆனால் நாற்பதாம் எண் தட்டில் இந்த வருஷம் யாரும் சாப்பிட்டதில்லை. ஆணியால் குத்தி எண் போட்ட அந்த அலுமினியத் தட்டு ஜூலை மாதத்திலிருந்து அடுக்கின் அடியில் தூசி படிந்து கிடந்தது. இப்போது அடுக்கின் மேலே, விளிம்பில் ஒரு சொட்டு நீர் தொங்க, மற்றவற்றோடு சமமாக உட்கார்ந்திருந்தது.

"ஏம்பா சவுரி, நேத்து எத்தினி பேரு துன்னீங்க?" என்று கேட்டாள் விடுதிக்குச் சமைத்துப் போடும் கெங்கம்மாள்.

"முப்பத்தொம்போது பேருதான்க்கா."

"நான் நாப்பது தட்டு கழுவிக்கினு வந்தேன். எனக்குக் கை தப்பாது. எவனோ ரெண்டு தட்டு வச்சிக்கினு துன்னுக்கீறான். வயிறா அது, வண்ணான் சாலா?"

சொல்லிவிட்டு அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவுதான். சவுரிராயனால் அப்படிப் போக முடியவில்லை. நாற்பதாம் எண் என்று ஒருவன் உண்டென்றால், அது ஒரு வகையில் அவனேதான்.

கல்லூரி விழுப்புரத்தில் இருந்தது. அதன் மாணவர் விடுதி பதினைந்து மைலுக்கு மேல் வடக்கே, மயிலம் ரயிலடியில் இறங்கி வரப்பு மேல் ஒரு மைல் நடந்தால் வரும் பழைய மல்லாட்டை குடோனில், வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற கிடங்கில், இருந்தது. குடோன்காரரும் கல்லூரிக் கமிட்டித் தலைவரும் சம்பந்திகள் என்பதைத் தவிர, இந்த ஏற்பாட்டுக்குக் கல்வி சம்பந்தமான காரணம் எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பையன்கள் காலை பாசஞ்சரில் விழுப்புரம் போய், சாயங்கால பாசஞ்சரில் திரும்பி, இருட்டில் சேறு மிதித்து வந்து சேர்வார்கள். இந்த 1961ஆம் வருஷத்தில் ஐப்பசி மழை வேறு முன்கூட்டியே பிடித்துக்கொண்டது.

விடுதிக் காப்பாளர் புலவர் அரங்கநாதன் வந்த முதல் நாளே 'குடோன்' என்ற சொல்லைத் தடை செய்து, வாசலில் 'வடவளாகம்' என்று பலகை மாட்டினார். மயிலம் மலைக்குப் போகிற காவடிக்காரர்கள் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு, உள்ளே என்ன சாமி என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். தமது பெயரையே தமிழாக்கும் முயற்சியில் புலவர் இரண்டு வருஷமாக இருந்தார்; கிடைத்த பெயர் ஒவ்வொன்றும் கையெழுத்துக்கு நீளமாக இருந்ததால் வேலை பாதியில் நின்றது. மாலை ஏழு மணிக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் கீழ் வருகைப் பதிவு. அவர் எண்ணையும் பெயரையும் படிப்பார். பையன்கள் அவரவர் பாயில் உட்கார்ந்தபடி "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். அவர் ஏட்டிலிருந்து தலை நிமிர்வதே கிடையாது. புலவனுக்குக் காதே கண் என்பார்.

நாற்பது பேர் இருந்தால்தான் விடுதி நடக்கும், ஒரு தலை குறைந்தாலும் மூடிவிட வேண்டும் என்பது கமிட்டியின் தீர்மானம். வந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். நாற்பதாவது பெயர், த. நடராசன், பட்டியலில் இருந்தது, ஆள் வரவில்லை. வேறு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். புலவர் சவுரிராயனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, உனக்கு நல்ல குரல்வளம். கோயிலில் பாடுவாயாமே. நாற்பதுக்கும் நீயே சொல்லிவிடு" என்றார்.

முப்பத்தொன்பது பேரில் மறுக்க முடியாதவன் இவன் ஒருவன்தான் என்பதும் புலவர் போட்டு வைத்திருந்த கணக்கு. சவுரிராயனின் தாய் சவுரியம்மாள் திண்டிவனத்துக்குக் கிழக்கே கூலிக்கு மல்லாட்டை பிடுங்குகிறவள். பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த கடிதத்தால் கிடைத்த இடம் இது. இந்தக் குடோனை மூடினால் அவனுக்கு விழுப்புரத்தில் அறை கிடைக்காது. முதலில் எந்த ஊர் என்பார்கள்; அப்புறம் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள்; அப்புறம் அறை காலியில்லை என்பார்கள். படிப்பு அதோடு சரி.

ஆகவே இருபத்து மூன்றாம் எண்ணுக்குத் தன் குரலிலும், நாற்பதாம் எண்ணுக்கு வேறொரு குரலிலும் சொல்லி வந்தான். முகம் தெரியாத ஒருவனுக்குக் குரல் செய்வது லேசான காரியம் இல்லை. முகவாயை நெஞ்சில் அழுத்தி, மூக்கடைத்தவனைப் போல "உள்ளேன்" என்பான், ஒரு மூச்சு நிறுத்துவான், பிறகு "ஐயா." அந்த ஒரு மூச்சு அவன் சொந்தச் சரக்கு. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தட்டு ஈரமாக இருந்த அன்று சாயங்காலம், நாற்பது என்று சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருந்த மூலைக்கு அவன் போய்ப் பார்த்தான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அந்த மூலைக்கு எட்டுவதில்லை. குடோன் முழுக்கப் பழைய மல்லாட்டையின் வாசனை, சாக்கும் பிண்ணாக்கும் எலிப் புழுக்கையும் கலந்து மட்கிய வாசனை, நாலு மாதத்தில் மூக்குக்குப் பழகிப்போன வாசனை. மூலையில் இருந்தது வேறு. அப்போதுதான் செடியோடு பிடுங்கி உதறின பச்சை மல்லாட்டையின் வாசனை, வேரில் ஒட்டிய ஈரச் செம்மண்ணின் வாசனை. அவன் அம்மா வேலை முடிந்து வரும்போது அவள் புடவையில் வருமே, அது. தரையெல்லாம் தூசி படிந்திருந்தது. சுவரோரமாக ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தூசி இல்லை. குனிந்து உள்ளங்கையை வைத்தான். கார்காலத்துச் சிமெண்டுத் தரை. வெதுவெதுப்பாக இருந்தது.

"அங்க இன்னா நைனா மோந்து பாக்கற?" என்றான் கிருஷ்ணசாமி. இருபத்திரண்டாம் எண், சவுரிராயனின் பக்கத்துப் பாய். "ரெண்டு தொண்டையில பேசற, ரெண்டு தட்டுல துன்ற. இனிமே ரெண்டு எடத்துல படுக்கலாம்னு பாக்கறியா?"

பையன்கள் சிரித்தார்கள். சவுரிராயனும் சிரித்து வைத்தான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ரயிலடியிலிருந்து நனைந்துகொண்டே வந்ததில் அவனுக்கு இருமல் கண்டது. புலவர் வழக்கம்போல் படித்துக்கொண்டே வந்தார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. தகரக் கூரை மேல் மழை அவல் இடிப்பது போல் இடித்துக்கொண்டிருந்தது. "நாற்பது. நடராசன்." சவுரிராயன் வாயைத் திறந்தான். இருமல் வந்து அடைத்தது. குனிந்து, துண்டை வாயில் வைத்து, கண்ணில் நீர் வர இருமிக்கொண்டிருந்தான்.

"உள்ளேன்."

ஒரு மூச்சு.

"ஐயா."

புலவரின் பேனா கீறியது. ஏட்டை மூடினார். கெங்கம்மாள் சோற்றுக் குண்டானைத் தூக்கி வந்தாள். தட்டுகள் சலசலத்தன. எல்லாம் தினசரி போலவே நடந்தது.

"இன்னிக்கி அசத்திட்ட" என்று காதருகே சொன்னான் கிருஷ்ணசாமி. "இருமிக்கினே எப்டி சொன்ன? அதுவும் அந்த மூலையிலேர்ந்து வர்ற மாதிரி."

சவுரிராயன் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு இன்னும் வாயில் இருந்தது.

மறுநாள் காலை புலவரிடம் போனான். அவர் சாக்குத் தடுப்புக்குப் பின்னால் கமிட்டித் தலைவரின் அறுபதாம் கலியாணத்துக்கு வாழ்த்துப்பா எழுதிக்கொண்டிருந்தார். எதுகை ஒன்று கிடைக்காமல் முகம் சுளித்திருந்தது.

"அச்சம் என்பது அறியாமையின் அண்டை வீட்டான், தம்பி. பகுத்தறிவு வந்தால் பேய் பஞ்சாய்ப் பறக்கும்."

"பேயின்னு சொல்லலீங்க ஐயா. நான் சொல்லாமலே பதிலு வருதுங்க."

"அப்படியானால் உனக்கு வேலை மிச்சம்."

"அந்த நடராசன் எங்க கீறான்னு அவங்க வூட்டுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேக்கலாமுங்களா?"

"போடாமலா இருக்கிறேன்? திங்கள்தோறும் போடுகிறேன். நலம் நன்று, நடத்தை நன்று, வருகை நூற்றுக்கு நூறு." மேசை மேல் கிடந்த ஒரு கார்டைப் பெருமையோடு நகர்த்தினார். "தந்தையார் எழுதிய நன்றி மடலைப் பார்."

கோணல் எழுத்தில் தாண்டவராயன் என்று கையெழுத்து. வளத்திக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஆனி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் நானே பெட்டியோடு ரயிலேற்றி விட்ட என் மகன் ஒரு வரியும் எழுதவில்லையே என்று அவன் தாயார் சோறு இறங்காமல் கிடந்தாள். தங்கள் கடிதம் கண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள் என்று எழுதியிருந்தார்.

சவுரிராயன் அதை இரண்டு முறை படித்தான். திண்டிவனத்தில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மயிலம். நடுவில் ஒன்றும் இல்லை. மல்லாட்டைக் கொல்லைகளும் தண்டவாளமும்தான்.

"ஐயா, இவன் வண்டி ஏறிக்கீறான்."

"ஏறட்டுமே."

"எறங்கலீங்களே."

புலவருக்கு மோனையும் வரவில்லை, எதுகையும் வரவில்லை. எழுந்து சாக்குத் தடுப்பை இழுத்துவிட்டார். "நாற்பது இல்லையென்றால் குடோன் மறுபடியும் குடோன்தான்" என்றார். தாமே தடை செய்த சொல்லைச் சொல்கிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "நான் பழையபடி ஆரம்பப் பள்ளிக்குப் போவேன். நீ எங்கே போவாய் என்று என் வாயால் சொல்ல வேண்டுமா?"

சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரப்பு மேல் நடக்கும்போது சவுரிராயனுக்கு வேறொன்று விளங்கிக்கொண்டே வந்தது. நாலு மாதமாக அந்தப் பையனை யாரும் தேடவில்லை. போலீசில் சொல்லவில்லை. தண்டவாளத்தோரம், ஓடைக்கரை, புதர் என்று ஒருவரும் விலக்கிப் பார்க்கவில்லை. அவன்தான் இங்கே இருக்கிறானே, தினம் ஏழு மணிக்கு வாய் திறந்து சொல்கிறானே. ஒவ்வொரு மாலையும் ஒரு பிடி மண்ணாக, அவன்மேல் சவுரிராயனேதான் அள்ளிப் போட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் மாதா கோயிலில் பூசை. பாட்டு எடுக்க வேண்டியவன் அவன். மூச்சை இழுத்து முதல் அடியைத் தொடங்கினான். மூக்கடைத்த, கனத்த ஒரு குரல் வந்தது. முன்னால் முழந்தாளிட்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி தொடங்கினான். அதே குரல். இந்தத் தடவை அவன் முகவாய் நெஞ்சைத் தொடவே இல்லை. முக்காட்டுக்குள்ளிருந்து அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "தொண்ட கட்டிக்கிச்சா? யாரோ பாடறாங்கன்னு பாத்தேன்" என்றாள்.

திங்கட்கிழமை விழுப்புரம் ரயிலடியில் ஒரு கார்டு வாங்கினான். வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். படிப்பு, இடம், சாமியாரின் கடிதம், எல்லாம் அந்தக் கார்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன. உங்கள் மகன் இங்கே இல்லை, இருந்ததே இல்லை, தேடுங்கள் என்று எழுதினான். கையெழுத்துப் போடத் தைரியம் வரவில்லை. பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது மனசு கொஞ்சம் லேசானது. போனால் போகிறது, மல்லாட்டை பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று மாலை, "இருபத்து மூன்று. சவுரிராயன்."

"உள்ளேன் ஐயா" என்றான். யார் காதிலும் விழவில்லை.

"இருபத்து மூன்று. வாயைத் திறந்து சொல்."

சொன்னான். தொண்டையில் காற்று மட்டும் உரசியது. மூன்றாம் தடவை, முனகலாக ஏதோ வந்தது. புலவர் குறித்துக்கொண்டார். நாற்பதுக்கு வந்தபோது அவன் உதடுகளை இறுக மூடிக்கொண்டான். மூலையிலிருந்து குரல் வந்தது. முதல் நாளைவிடத் தெளிவாக. முதல் நாளைவிடக் கிட்டத்தில்.

வியாழக்கிழமை மழை விடவே இல்லை. ஏழு மணிக்குப் புலவர் ஏட்டைத் திறந்து நாலைந்து பெயர் படித்திருப்பார். வண்டி நுழையும் அகலமுள்ள அந்தக் கதவில் ஒருவர் வந்து நின்றார். தாழங்குடை, தோளில் ஒரு மூட்டை, கையில் அரிக்கேன் விளக்கு. முழங்கால் வரைக்கும் செம்மண் சேறு.

"வணக்கமுங்க. நான் நடராசன் அப்பன், தாண்டவராயன். எவனோ பேர் போடாத கழுத, உங்க புள்ள அங்க இல்லன்னு கார்டு எழுதிக்கீறான். எனக்கு நம்பிக்க இல்ல. அவன் அம்மாதான் ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வான்னு..."

முப்பத்தொன்பது பேரும் ஏட்டைப் பார்த்தார்கள். ஏட்டின் மேல் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. பேனா பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்தன.

"பதிவு... நடைபெறுகிறது" என்றார் புலவர்.

"நடக்கட்டுங்க. நான் ஓரமா நிக்கிறேன்."

புலவர் படித்தார். இதுவரை எவரும் அவ்வளவு மெதுவாகப் பெயர் படித்திருக்க முடியாது. பதினெட்டு. பத்தொன்பது. ஒவ்வொரு பெயருக்கும் தாண்டவராயனின் அரிக்கேன் அந்தப் பக்கம் திரும்பியது. இருபது. நல்லதுதான் என்று நினைத்தான் சவுரிராயன். நாற்பது வரும்போது எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும். அந்தக் கழுதை நான்தான். உங்கள் மகன் இல்லை. தேடுங்கள். இருபத்தொன்று. மூலையிலிருந்து செம்மண் வாசனை வந்தது. இருபத்திரண்டு. கிருஷ்ணசாமி சொன்னான்.

"இருபத்து மூன்று. சவுரிராயன்."

அவன் வாயைத் திறந்தான்.

"உள்ளேன்."

ஒரு மூச்சு.

"ஐயா."

அரிக்கேன் உயர்ந்தது.

"நடராசா."

தாண்டவராயன் பாய்களைத் தாண்டி வந்தார். குடை எங்கோ விழுந்தது. அவனுக்கு முன்னால் குந்தி, விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தார். வெளிச்சம் நேரே அவன் கண்ணில் விழுந்தது. நிலபுலம் உள்ள ஒரு குடியானவர் கை அவன்மேல் பட்டது பதினேழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கை சூடாக இருந்தது.

"இன்னாப்பா இப்டி எளச்சிட்ட. ஒரு கார்டு போடக் கூடாதா."

இல்லீங்க, என்றான் சவுரிராயன். நான் இல்லீங்க. நான் சவுரியம்மா புள்ள.

"அப்பா" என்றது அவன் வாய். மூக்கடைத்த குரலில்.

அவர் அழுதார். அழுதுகொண்டே அவன் தலையைத் துண்டால் துவட்டினார். "அம்மா வாசல்லியே ஒக்காந்துக்கினு கீறா. ரெண்டு நாளு வந்துட்டுப் போ. ஐயா, இட்டுக்கினு போவட்டுங்களா?"

புலவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் பார்க்க வேண்டியிருக்கும். "தந்தையாரே வந்து அழைக்கிறார். தடை ஏது" என்றார், ஏட்டிடம். பேனா கீறியது. "நாற்பது. விடுப்பு."

சவுரிராயன் கிருஷ்ணசாமியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். கிருஷ்ணசாமி திரும்பினான். அந்தக் கண்ணில் ஒரு மரியாதை இருந்தது, பழக்கமில்லாதவர்களிடம் காட்டுகிற மரியாதை. சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"போய்ட்டு வாங்க" என்றான்.

தாண்டவராயன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்; பிடி இறுகியது. எழுந்தான். கால்கள் தாமாக நடந்தன. கதவு. மழை. வரப்பு. நாலு எட்டு. பின்னால் புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"இருபத்து மூன்று. சவுரிராயன்."

"உள்ளேன் ஐயா."

கணீரென்ற குரல். பூசையில் முதல் அடி எடுக்கும் குரல். கூட்டத்தில் ஆயிரம் பேர் பேசினாலும் அம்மா கண்டுபிடித்துவிடுகிற குரல்.

அவன் திரும்பிப் பார்த்தான். திறந்த கதவுக்குள், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கிருஷ்ணசாமி தெரிந்தான். இருட்டு மூலையிலிருந்து பாய்களினூடே வந்துகொண்டிருக்கும் ஒருவனை அண்ணாந்து பார்த்து, ஏதோ கேலி சொல்லிச் சிரித்தபடி, அவன் உட்காருவதற்காகத் தன் கால்களை மடக்கி வழிவிட்டுக்கொண்டிருந்தான்.